தலையணையைத் தப்பாக நினைக்க வேண்டாம், சம்பந்தி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் மனைவி, மகன், உங்கள் மகள், பேத்தி ஆகிய நால்வரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய விருப்பம். நால்வரும் நலம் என்ற வரியில் முதல் ஆளாக 'நானும்' என்று எழுதி, பிறகு அதைக் குறுக்கே அடித்திருப்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவன் ஒரு கடிதத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதக்கூடாதா என்று நினைக்காதீர்கள். அது கைப்பிசகு அல்ல. பேனாவை எடுத்தால் நலம் என்று எழுதிவிடுகிற, வாயைத் திறந்தால் சௌக்கியம் என்று சொல்லிவிடுகிற இந்தப் பழக்கத்தால்தான் நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இவ்வளவு தகராறு வந்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு தடவை நான் நலம் என்று எழுதப் போவதில்லை. எழுதவில்லையே என்று பதறவும் வேண்டாம். பதறுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. விவரத்தைக் கீழே எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் என் போனை எடுப்பதில்லை என்பது ஒரு காரணம். அப்படியே எடுத்தாலும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் நடுவில் ஒரு வேடிக்கையைச் சொருகாமல் உங்களுக்குப் பேச வராது. ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் தலையணையையும் பிடித்துக்கொண்டு என்னால் சமாதானம் பேச முடியாது. ஆமாம், அந்தத் தலையணைதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "நான் வாயைத் திறந்ததும் உன் மாமனார் தலையணையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு, இனிமே அந்த வீட்ல எனக்கு என்ன வேலை" என்று உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னதாகத் தெரிந்தது. வருகிற வாரம் பேத்தியின் பிறந்தநாளுக்குக்கூட வெளிக் கேட்டோடு நின்று, பரிசை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகள் இதை நேராக என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, சொன்ன கையோடு ஒரு பேனாவையும் பேப்பரையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பிறந்தநாளன்று நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில், அந்தப் பெரிய சோபாவில், வழக்கமான மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

என் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தபோது, நல்ல சர்ஜன் யார் என்று நாலு பேரிடம் விசாரித்துச் சொன்னவர் நீங்கள். ஆபரேஷன் அன்று காலையில் என்னை அழைத்துக்கொண்டு போனவரும் நீங்கள்தான், அதுவும் உங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில், கூரையில் சிவப்பு எழுத்துப் பலகையோடு. எப்போதும் நீங்கள் உட்காருகிற பயிற்சியாளர் சீட்டில் அன்று என்னை உட்கார வைத்தீர்கள். பயத்தில் நான் காலை ஊன்றிக்கொண்ட இடத்தில் உங்களுடைய இரண்டாவது பிரேக் இருந்தது எனக்குத் தெரியாது. வழி நெடுகிலும் வண்டி குதித்துக் குதித்து நின்றது. பின்னால் வந்தவர்கள் பலகையைப் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்து, இந்த வயசுல போய்க் கத்துக்கிறாரே பாவம் என்று பேசிக்கொண்டு தாண்டிப் போனார்கள். இத்தனை வருஷமாக ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் எனக்காக அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டீர்கள். சர்ஜனும் நீங்கள் சொன்ன மாதிரியே கைராசிக்காரர். சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு, பையைக் கழற்றி, கல்லை ஒரு புட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். தழும்பைப் பார்த்தால் கொசு கடித்த இடம் மாதிரிதான் இருக்கும். நீங்கள் பார்க்க வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "பிரமாதம், நீங்க சொன்ன டாக்டராச்சே" என்றேன். உங்கள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அதற்குப் பிறகு உங்கள் ஸ்கூலில் வண்டி பழக வருகிறவர்களுக்கெல்லாம் கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கும்போதே என் வயிற்றையும் உதாரணம் காட்டி, அந்த டாக்டரையே சிபாரிசு செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்கு இந்த வலி வந்துவிட்டது. இனி எந்த முகத்தோடு உங்களிடம் வந்து சொல்வேன்? மென்று விழுங்கினேன்.

வலி என்றால் பழைய கல் வலி இல்லை. அது போன இடம் தெரியவில்லை. இது வேறு. வலது விலாவுக்குக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடிக் காம்பின் ஸ்க்ரூவை ஒரு சுற்று அதிகமாகத் திருகிவிட்ட மாதிரி ஓர் இறுக்கம். குனிந்தால் வரும். தும்மினால் வரும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால், என்ன சும்மா இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு வரும். சர்ஜனிடம் போனேன். தழும்பைப் பார்த்துத் தன் கைவேலையைத் தானே ரசித்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே எல்லா இடமும் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் என் வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு, எனக்கு முகம் தொங்கிப்போகும். ஏதாவது ஒன்று இருந்து தொலைக்கக்கூடாதா, அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் இருக்கக்கூடாதா என்று இருக்கும். பேர் இருந்தால் நாலு பேரிடம் சொல்லலாம் அல்லவா? கடைசியாக டாக்டர் என்னைப் படுக்க வைத்து, இங்கே அதிகமா, இங்கே அதிகமா என்று அழுத்தி அழுத்திக் கேட்டார். நான் இத்தனை காலமாக லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று மற்றவர்களைக் கேட்டே பிழைத்தவன். பதில் சொல்கிற பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி முழிப்பார்களோ அப்படி முழித்தேன். "இன்னொரு தடவை மாத்திப் போடுங்க டாக்டர், ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். மாடி வீட்டுக்காரர் கேஸ் என்றார். முடிவெட்டுகிறவர் கேஸ் என்றார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் மட்டும் அது கேஸ் இல்லை, மனக்கவலை என்றார். மகன் என்னை உட்கார வைத்து, "மனச வேற பக்கம் திருப்புங்கப்பா" என்றான். திருப்பிப் பார்த்தேன். திருப்பின பக்கத்துக்கும் வயிறு கூடவே வந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் புது பிரேமை மாட்டிக் காதருகே வளைத்துக்கொண்டிருந்தபோது சுருக்கென்று பிடித்தது. பிடித்துக்கொள்ள வேறொன்றும் கிடைக்காமல் அவருடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார். இப்படியே நாள் போனதில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். இந்த வலிக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது என் சிரிப்பு. லேசாகப் புன்னகை செய்தால் கண்டுகொள்ளாது. வாய்விட்டுச் சிரித்தால் போதும், விலாவுக்குக் கீழே கொக்கி போட்டு இழுக்கும். ஆபரேஷன் முடிந்த புதிதில் அங்கே இருந்த நர்ஸம்மா, இருமும்போது வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரி அதை நினைவு வைத்திருந்து, பேத்தியின் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, சின்னதாக ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். அதில் மஞ்சள் வாத்துகள் போட்டிருப்பது அப்படி வந்தது. அன்றிலிருந்து அது என்னோடு கடைக்கு வருகிறது, பஸ்ஸில் வருகிறது. கூடவே சிரிப்பு வரக்கூடிய இடங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். டிவியில் நகைச்சுவை சேனல் கட். என் வீட்டுக்காரி பார்க்கிற அழுகை சீரியல்தான் பத்திரம் என்று அதில் போய் உட்கார்ந்தேன். அதில் கதாநாயகியின் மாமியார் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, கண்ணாடி இல்லாமலேயே எதிர்ச்சுவரில் இருந்த பொடி எழுத்தைப் படித்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதையும் விட்டேன்.

சரி, சிரிப்பே வராத இடம் ஒன்று உண்டு என்று, என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோனதற்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். முன்னெச்சரிக்கையாகத் தலையணையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓர் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். இறந்தவருடைய மகன் என்னைப் பார்த்ததும் மெதுவாக வந்து, அப்பாவுக்குப் போன மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டீர்கள், அந்தப் பவர் சித்தப்பாவுக்குச் சரிவருமா என்று காதோடு கேட்டார். தெரியவில்லை, போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். உடனே சித்தப்பாவை அழைத்து மாட்டிவிட்டார். சித்தப்பா நிமிர்ந்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கிடத்தியிருந்த அண்ணனையே உற்றுப் பார்த்து, "நல்லாத் தெரியுது, ஆனா அண்ணன்தான் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்காரு" என்றார். சம்பந்தி, பையைப் பிரிக்க நேரமில்லை. பையோடு வயிற்றில் அழுத்திக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். வலியில் கண்ணீர் வேறு கொட்டியது. அந்த வீட்டில் என்னைப் போல அழுதவர்கள் யாரும் இல்லை என்று ஆகிவிட்டது. இறந்தவருடைய மகன் என்னைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொன்னார். இப்போதெல்லாம் அவர்கள் வீட்டில் எனக்குத் தனி மரியாதை.

இந்த நிலைமையில்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வரப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு யார் வந்தாலும் பயமில்லை. நம் இரண்டு குடும்பத்திலும் உங்களைப் போலக் கதை சொல்ல ஆள் கிடையாது. நீங்கள் சோபாவில் உட்கார்ந்து செருமினாலே எனக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிடும். அன்று காபியைக் கையில் வாங்கியதும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உங்களிடம் வண்டி பழக வந்த கதையை ஆரம்பித்தீர்கள். வண்டியில் ஏறியதும் அவர் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைத் திருப்பி வைத்தது சாலையைப் பார்ப்பதற்கு அல்ல, பின்சீட்டில் இருக்கிறவர்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு என்று சொன்னீர்கள். அங்கேயே ஒரு கொக்கி விழுந்தது. முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஒரு நொடி நிறுத்தி, வாத்துகளைப் பார்த்துவிட்டு, மேலே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. அதை அடக்குவதற்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தப்பான பவரில் வந்து இறங்கிய லென்ஸ் பார்சலைப் பற்றி நினைத்துக்கொண்டேன். "தூக்கம் வருதா சம்பந்தி?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற அர்த்தத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். அதை நீங்கள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உச்சம். சிக்னலில் பச்சை விழுந்தது, தலைமையாசிரியரின் வண்டி ஆஃப் ஆகி நின்றது, பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன, அவர் கொஞ்சமும் பதறாமல் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார் என்று சொல்லி, நீங்களும் சோபாவிலிருந்து இறங்கினீர்கள். நியூஸ்பேப்பரைச் சுருட்டிப் பிரம்பு மாதிரிப் பின்னால் பிடித்துக்கொண்டீர்கள். எங்கள் டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் நின்று, சாலை முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, "யாரு அங்க சத்தம் போடுறது?" என்று கேட்டீர்கள். சம்பந்தி, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து, தலையணையோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே நான் தூங்கவில்லை. கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு, ஒரு வாத்தைக் கடித்துக்கொண்டு, சிரிப்பும் வலியும் சேர்ந்து உலுக்கியதில் எது எது என்று தெரியாமல் கிடந்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பேத்தி, கூடத்துக்கு ஓடி, "தாத்தா படுத்துட்டாரு" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். நான் முகம் கழுவி வெளியே வருவதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க சம்பந்தி" என்றீர்கள். அதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னீர்கள்! அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் சிபாரிசு செய்த டாக்டரைக் குறை சொன்னதாகிவிடுமே என்று, "ஆமா, ராத்திரி சரியாத் தூக்கமில்ல" என்று பூசி மெழுகினேன். எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றியது நான்தான்.

நீங்கள் வராததால் வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியில் எனக்குச் சிரிப்பு வரவே வாய்ப்பில்லை என்பதால் முதலில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் உங்கள் மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உங்களோடு போனில் பேசும்போது பால்கனிக்குப் போய்விடுகிறாள். பேசிவிட்டு உள்ளே வந்ததும், அப்பா எல்லாரையும் விசாரித்தார் என்று ஒரு பொய்யைச் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது, நம்மைப் போலப் பயிற்சி கிடையாது. ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டாள். "மாமா, எங்கப்பா பேசுறது உங்களுக்கு அலுத்துப்போச்சா? அப்படீன்னா சொல்லிடுங்க, நானே அவருகிட்ட பக்குவமாச் சொல்லிடறேன்" என்றாள். எனக்கு வயிற்றைவிட மேலே ஓரிடத்தில் வலித்தது. அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்ஜன், ஸ்கேன், கேஸ், வாத்து ஒன்றையும் விடவில்லை. உங்களிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, வலியைப் பற்றி ஒரே ஒரு கேள்விகூடக் கேட்காமல், வலிக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரிடம் அவளே பதிவு செய்து அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். ரிப்போர்ட்டையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று காலையிலிருந்து இரவு வரைக்கும் சொல்லச் சொல்லிக் கேட்டார். இவ்வளவு விவரமாக என்னை யாரும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும், "ஏன் வலிக்குதுன்னு எனக்கும் தெரியலீங்க. ஆனா வலிக்குதுங்கிறது நிஜம்" என்றார். ஆபரேஷன் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, சில பேருக்கு எல்லாம் ஆறின பிறகும் நரம்பு மட்டும் பழைய தகவலையே சொல்லிக்கொண்டிருக்கும், அதைக் குறைக்கப் பார்க்கலாம், முழுக்கப் போகுமா என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். ஒரு மாத்திரை எழுதினார், மூச்சுப் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வலிக்காக அல்ல. தெரியவில்லை என்று ஒருவர் சொன்னதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இதை உங்களிடம் சொல்வது என் கடமை, பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன சர்ஜன் மேல் ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் தாராளமாக அவரைத் தொடர்ந்து சிபாரிசு செய்யலாம்.

ஆகவே பிறந்தநாளுக்கு நீங்கள் வீட்டுக்குள் வர வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். என் உடம்பை உத்தேசித்துச் சில சின்ன ஏற்பாடுகளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சம்பந்தமாக ஒன்றும் பேச வேண்டாம். சாலை பழுது பார்ப்பது, தண்ணீர்க் குழாய் உடைப்பு, வெயில் ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எழுந்து நின்று நடித்துக் காட்ட வேண்டாம். யாருடைய குரலிலும் பேச வேண்டாம், உங்கள் குரலிலும் கொஞ்சம் அடக்கமாகவே பேசுங்கள். தலைமையாசிரியர் கதையை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் மறுபடியும் தொடங்க வேண்டாம். அவர் சாலையில் இறங்கி நின்ற இடத்திலேயே எனக்கு இன்னும் நிற்கிறார். அதன் முடிவு என்ன என்று இன்றுவரைக்கும் நான் யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. இந்த ஏற்பாடுகளோடு நாம் ஒரு நல்ல, சத்தமில்லாத மாலைப் பொழுதைக் கழிக்கலாம் என்பது என் எண்ணம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும். அவர்களுடைய வாசிப்புக் கண்ணாடியின் மூக்குத்தாங்கி தளர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நூறாண்டு நலத்தோடும், உங்கள் வண்டிகள் எல்லாம் ஒரு கீறலும் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் மதிப்புள்ள,
சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரி வாங்கிப் படித்தாள். அவள் படிக்காமல் இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதமும் போனதில்லை. படித்து முடித்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கீங்க, அவரு கதை நல்லா இருந்துச்சுன்னு ஒரு எடத்துலகூட எழுதலையே" என்றாள். திருப்பிப் பார்த்தேன். எழுதத்தான் இல்லை. பிறகு அவள், "சிரிக்காம இருந்தீங்களே இத்தனை நாளு, அப்ப மட்டும் வலிக்காம இருந்துச்சா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட அது லீவு எடுக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே, அவள் பாட்டுக்கு அந்தக் கதையின் முடிவைச் சொல்லிவிட்டாள். நான் படுக்கையறைக்குள் போன பிறகும் நீங்கள் மற்றவர்களுக்காக அதை மெல்லிய குரலில் சொல்லி முடித்தீர்களாம், சங்கடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். என் வீட்டுக்காரிக்குக் கதை சொல்லவே வராது என்பது உங்களுக்குத் தெரியும். மளிகைச் சாமான் சொல்கிற குரலில்தான் சொன்னாள்: "ரோடே அமைதியாயிடுச்சாம். பின்னாடி நின்ன லாரியில இருந்து பெரிய மீசை வச்ச டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்து, கையக் கட்டிக்கிட்டு, நான்தான் சார்னு நின்னாராம். அந்த ஹெட்மாஸ்டருகிட்ட அஞ்சாவது படிச்சவராம்."

சம்பந்தி, தலையணை அப்போது என் பக்கத்தில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்று எங்கள் கூடத்தில் வந்திருக்க வேண்டிய சிரிப்பு முழுவதும் இன்று வந்தது. கொக்கி வழக்கம்போல் விழுந்தது, வழக்கம்போல் இழுத்தது. நான் நிறுத்தவில்லை. உங்கள் மகள் என்னவோ ஏதோ என்று பால்கனியிலிருந்து ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் அவளும் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! சிரித்தாலும் வலிக்கப் போகிறது, சிரிக்காவிட்டாலும் வலிக்கப் போகிறது என்று ஆன பிறகு, எந்த வலி எனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமையாவது எனக்கு இருக்கட்டும்.

ஆகவே மேலே எழுதிய ஏற்பாடுகள் எல்லாம் ரத்து. தண்ணீர்க் குழாயைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. தலைமையாசிரியர் கதையை முதலிலிருந்து, எழுந்து நின்று, முழுக் குரலில் சொல்ல வேண்டும். சுருட்டுவதற்கு நியூஸ்பேப்பர் எடுத்து வைத்திருக்கிறேன். நான் தலையணையை எடுத்து மடியில் வைத்தால் கதை சூடு பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அதை இறுக்கினால் இன்னும் நன்றாகச் சொல்லுங்கள். எழுந்து உள்ளே ஓடினால் அதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை. கதவுக்கு வெளியே நின்று தொடர்ந்து சொல்லுங்கள், உள்ளே கேட்கும். தலையணையைத் தொடாமல் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும், அன்றைக்குக் கதை சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.